மூடிய உள்ளங்கை

"டீச்சர், என் கவிதையில் என்னதான் குறை?"

ஆவுடையப்பன் இதை வாயால் கேட்கவில்லை. பூரணியின் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் எழுதிக் கேட்டார்.

பூரணிக்கு ஏழு வயதில் காது போயிற்று. பதின்மூன்றில் கண்ணும் போயிற்று. அதன் பிறகுதான் கவிதை எழுத ஆரம்பித்தாள். மூன்று தொகுப்புகள் வந்துவிட்டன. தன்னைப் போன்ற எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்கிறாள். அவர்களுக்காக மனுவோடு அவள் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. வயது முப்பத்தைந்து.

ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மேடைப் பேச்சுக்குப் பேர்போனவர். கவிதை கற்றுக்கொள்ள வந்தார்.

"முதலில் எனக்குக் காதாக இருங்கள்" என்று எழுதினாள் பூரணி.

பத்து மாதமாகிறது. மற்றவர்கள் பேசுவதை அவள் கையில் எழுதுகிறார். அவள் இவர் கையில் எழுதுவதை உரக்கச் சொல்கிறார். தினமும் காலையில் தன் கவிதை ஒன்றை அந்தக் கையில் எழுதிக் காட்டுகிறார்.

அவள் பொறுமையாகப் படிப்பாள். பிறகு மறுகையால் உள்ளங்கையைத் துடைத்துவிடுவாள். அந்த வீட்டில் கையைத் துடைத்தால் அந்தச் சொல் செல்லாது என்று பொருள்.

இன்றும் துடைத்தாள். பிறகு அவர் கையில் எழுதினாள்.

"நேரமாகிறது. போகலாம்."

போயே ஆகவேண்டும். ஒன்பது பேரையும் பிரித்து ஐந்து விடுதிகளுக்கு அனுப்பும் அரசு உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அவர்களுடைய பாதுகாப்புக்காகவாம். அந்த ஐந்து விடுதிகளிலும் கையில் எழுதிப் பேசத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அங்கே போனால் சோறு கிடைக்கும். சாகும்வரை ஒரு வார்த்தை கிடைக்காது.

பதினொரு மணிக்கு விசாரணை.

அதிகாரி பூரணியின் மனுவைப் புரட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. யார் எழுதிக் குடுத்தது?"

"அவங்களே எழுதினதுதான் சார்."

அதிகாரி பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

"பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. இதுங்களுக்கு எங்க இருந்தா என்னய்யா?"

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதை எப்படி அந்தக் கையில் எழுதுவது?

"யோசிக்கிறார்" என்று எழுதினார்.

பூரணியின் இடது கை மேசைமேல் இருந்தது.

"மேசை அதிர்ந்ததே?"

"ஃபைலை எடுத்து வைத்தார்."

கையால் தட்டிய அதிர்வு அவளுக்குத் தெரியாதா? பூரணி வலது உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கையை மூடுவதில்லை. சண்டை போடும்போதுகூடக் கை விரிந்துதான் இருக்கும். மூடினால், இனி உன்னிடம் பேச்சில்லை என்று அர்த்தம்.

ஆவுடையப்பன் விரலால் தட்டினார். கை திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

"என்னாச்சு? சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க. வெளியே ஆள் நிக்குது."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். உத்தரவை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார்!"

குரல் கிறீச்சிட்டது. மேடையில் ஒருநாளும் அவருக்கு அப்படி ஆனதில்லை.

மூடிய கையின் புறத்தில் எழுத ஆரம்பித்தார். அதிகாரி சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். 'இதுங்களுக்கு' என்ற சொல்லை முடிக்க முடியவில்லை. விரல் நழுவியது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

கை திறந்தது. அவர் கையைப் பற்றி, அதில் எழுதினாள்.

"இதற்கு முன் எத்தனை தடவை மறைத்தீர்கள்?"

"நாலு. நீங்கள் வருத்தப்படக் கூடாது என்று."

"எல்லோரும் நம் பக்கம் என்றீர்கள். அதை நம்பித்தான் இப்படிக் குழைந்து ஒரு மனு எழுதினேன்."

அவருக்குக் கண் கலங்கியது. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

பூரணி மேசைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"அவர் கை."

"சார், உங்க கையைக் கேக்கிறாங்க."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். தயங்கிக் கொடுத்தார். பூரணி அந்தக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள்.

"என்ன எழுதுறாங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சார்."

அவள் எழுத எழுத ஆவுடையப்பன் வாசித்தார்.

"'இதுங்களுக்கு... எங்க... இருந்தா... என்ன.'"

அதிகாரியின் முகம் கறுத்தது. கையை இழுத்தார். அவள் விடவில்லை.

"இன்னும் முடியல சார். பதில் எழுதுறாங்க."

"என்ன பதில்?"

"'இப்படிப் பேச ஒரு கை இருக்கிற இடம் வேண்டும்.'"

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"வியாழக்கிழமை நானே அந்த வீட்டுக்கு வர்றேன். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆவுடையப்பன் அதை அப்படியே எழுதினார். தான் கண்டதையும் சேர்த்து எழுதினார்.

"சம்மதிக்கவில்லை. ஒத்திப்போட்டிருக்கிறார். உங்களைப் பார்க்காமல் பேசுகிறார்."

பூரணி தலையசைத்தாள்.

வெளியே படியில் நின்றார்கள். நல்ல வெயில்.

"கோபமா, டீச்சர்?"

"ஆமாம்."

ஆனாலும் கை விரிந்தே இருந்தது. அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுதினார்.

"நாளையும் நான் வரலாமா?"

"காலையில் ஒன்று கேட்டீர்களே?"

"கவிதையில் என்ன குறை என்று."

பூரணி அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் அவர் உள்ளங்கையில் எழுதினாள்.

"பத்து மாதம். இந்த விரல் இன்றுதான் நடுங்கியது."