மஞ்சள் பூசிய பள்ளம்

முன்னொரு காலத்தில் கொடியாற்று நாட்டை ஆண்ட ராஜாவுக்கு முத்திரை குத்துவதில் அப்படி ஓர் ஆசை. பட்டத்து யானைக்கும் குத்துவார், பறித்துவந்த பூசணிக்காய்க்கும் குத்துவார். ஓர் ஆண்டு ஆறு பெருகி, கரையோரத்துச் சிற்றூர்களைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ராஜாவுக்கு வருத்தத்தோடு கோபமும் வந்தது.

"என்னைக் கேட்காமல் ஆறு எப்படி ஊருக்குள் வரலாம்? அது எதுவரை வரும் என்று படம் எழுதுங்கள். வெள்ளம் வரும் நிலத்துக்கு நீலம், வராத நிலத்துக்கு மஞ்சள். நீலத்தில் எவரும் குடியிருக்கலாகாது. மஞ்சளில் தாராளமாக வீடு கட்டலாம். நான் முத்திரை குத்தித் தருகிறேன்" என்றார்.

யோசனை நல்ல யோசனைதான். போய்ச் சேர்ந்த கைதான் சரியில்லை. நிலமந்திரி மருதவாணர் அளக்கும் ஆட்களோடு புறப்பட்டுப் போய், பெரிய துணிப்படம் ஒன்றோடு திரும்பிவந்து சபையில் விரித்தார். சபைப் பெரியவர்கள் ஆகா ஓகோ என்று புகழ, ராஜா அதன் அழகில் சொக்கிப்போனார். "வெள்ளிக்கிழமை முத்திரை! அதுவரை எழுதிய கையைத் தவிர வேறு கை இதில் பட்டால், அந்தக் கை இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே நத்தைமேட்டிலிருந்து காத்தாயி அரண்மனை வாசலுக்கு ஓடிவந்தாள். கோரைப்பாய் முடைந்து பிழைக்கும் சின்னஞ்சிறு ஊர் அது. வழக்கு வம்பென்றால் ஊர் அவளைத்தான் முன்னால் தள்ளிவிடும். வாசலில் அவளிடம் அகப்பட்டவன் அரண்மனை விகடன் உலகப்பன்.

"ஏன்யா, எங்க ஊருக்கு நீலம் பூசிட்டாங்களாமே? வெள்ளிக்கெழம முத்திரை விழுந்ததும் மூட்டையக் கட்டணுமாம். எங்கய்யா போறது?"

"வெள்ளம் வந்தால் உங்களுக்குத்தானே அக்கா ஆபத்து?"

"வெள்ளமா? போன வருசம் சுத்துப்பட்டுச் சனமெல்லாம் எங்க மேட்டுலதான் வந்து ஒதுங்குச்சு. மந்திரி தோப்புக் காவக்காரன் பொண்டாட்டி புள்ளையோட எங்க வூட்டுலதான் கெடந்தான். கஞ்சி ஊத்துனதே நாந்தான். அந்தத் தோப்பு மஞ்சளாம், எங்க மேடு நீலமாம். நல்லாருக்குய்யா ஒங்க ராசா வீட்டு நியாயம்!"

உலகப்பன் நேரில் பார்க்கப் போனான். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த போகத்துக்கான விதையைப் பானையில் போட்டு, போன வெள்ளம் எட்டிய உயரத்துக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். வரிக்காரனிடம் பொய் சொல்பவனும் விதைப்பானையிடம் பொய் சொல்லமாட்டான். நத்தைமேட்டில் பானைகள் எல்லாம் அடுப்பங்கரைத் தரையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. மந்திரியின் தோப்பிலோ, காவல்காரனின் பானை தென்னை மரத்தில் ஏறியிருந்தது.

"என்ன அண்ணே, பானைக்கு இளநீர் வேணுமாமா?"

"கீழ வச்சா கடல்ல போய்த்தான் தேடணும்" என்றான் காவல்காரன்.

உலகப்பன் பேரம் பேசும் வியாபாரிகளின் மடியில் வளர்ந்தவன். ஒருவன் ஒரு சரக்கைக் காரணமில்லாமல் பழித்தால் வாங்கப் பார்க்கிறான், அளவில்லாமல் புகழ்ந்தால் விற்கப் பார்க்கிறான் என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். மேட்டைக் காலி செய்யவைத்து வளைத்துக்கொள்ளவும், பள்ளத்தை மனை போட்டு விற்கவும் மந்திரி போட்ட கணக்கு அவனுக்கு விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. உலகப்பன் வாயைத் திறக்கும் முன்பே மருதவாணர் எழுந்தார்.

"மகாராஜா! நம் விகடன் என் தோப்பில் மோப்பம் பிடித்துத் திரிந்தானாம். என் படம் பிழையென்றால், அதில் ஒரு கோட்டையும் தொடாமல் திருத்திக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டு நடையைக் கட்டட்டும்."

சபையோர் சிரித்தார்கள். ராஜாவுக்கும் பந்தயம் பிடித்துவிட்டது. "உலகப்பா, என்ன சொல்கிறாய்?"

"பிழையா? யார் சொன்னது? அப்பழுக்கில்லாத படம், மகாராஜா!"

ஓரமாக நின்ற காத்தாயி, "அடப்பாவி!" என்று வாயில் கைவைத்தாள்.

"மஞ்சளிலும் மஞ்சள், மந்திரியாரின் தோப்பு. ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. அரண்மனை நெல் முழுவதும் பழைய களஞ்சியத்தில் கிடக்கிறது. இன்றே தோப்புக்கு மாற்றிவிடலாமே?"

"அருமையான யோசனை!" என்றார் ராஜா.

"அ... அடியேன் பாக்கியம்" என்றார் மருதவாணர்.

"காவலுக்குப் படம் எழுதியவரே பொருத்தம். மழை ஓயும்வரை குடும்பத்தோடு அங்கேயே தங்கட்டும். படத்தைப் புகழ்ந்த பெரியவர்களும் துணைக்கு இருக்கட்டும். ஆமாம் மகாராஜா, நெல் நனைந்தால் காவலருக்கு என்ன தண்டனை?"

"தலை போகும்!"

"மஞ்சள் நிலத்தில் எப்படி நனையும்? பேச்சுக்குக் கேட்டேன்."

சபையில் திடீரென்று ஒருவருக்கு மூட்டுவலி கண்டது. இன்னொருவருக்கு மாமியார் சாகக் கிடந்தாள். மருதவாணர் மட்டும் வேர்த்து நின்றார். வண்டிகளில் நெல் ஏற்றச் சொல்லி ராஜா கையைத் தூக்கியதும், அவர் படத்தின் மேல் பாய்ந்தார்.

"பொறுங்கள் மகாராஜா! அளந்த ஆட்கள்... படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது."

தூரிகை வந்தது. மந்திரி தம் கையாலேயே தம் தோப்பின் மேல் அவுரி நீலத்தை அப்பினார்.

"அப்படியே நத்தைமேடு, மந்திரியாரே" என்றான் உலகப்பன். "எழுதிய கையல்லவா, யாரும் வெட்டமாட்டார்கள்."

நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசினால் என்ன ஆகும்? நத்தைமேடு பச்சையாயிற்று.

"பச்சை என்றால் என்ன பொருள்?" என்று ராஜா கேட்டார்.

"மந்திரியாரின் பச்சைப் பொய், மகாராஜா!"

ராஜாவுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. மருதவாணரின் பதவியைப் பிடுங்கி உலகப்பனிடம் கொடுத்தார். உலகப்பன் கரையோரத்து ஊர்களுக்கெல்லாம் போனான். விதைப்பானை தொங்கும் உயரத்தைப் பார்த்துக் கோடு போட்டான். ஊரார் கூடி நின்று, "சரிதான்" என்று சொன்ன பிறகே வண்ணம் தீட்டினான். நீலத்தில் அகப்பட்டவர்களுக்கு மஞ்சளில் மனை கிடைத்தது.

புதுப்படம் சபைக்கு வந்த நாளில் ராஜா முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார். "என்ன பரிசு வேண்டும், உலகப்பா?"

"நத்தைமேட்டில் ஒரு வீட்டுமனை."

"இவ்வளவுதானா?"

"அதையும் முத்திரை குத்துமுன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குத்திவிட்டால் காத்தாயி அக்கா விலையை ஏற்றிவிடுவார்."

"இப்பவே ஏத்தியாச்சுய்யா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் கேட்ட விலையைக் கஜானாவிலிருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்காமலே முத்திரையைக் குத்தினார். அது சற்றுக் கோணலாக விழுந்தது. ஆனாலும் நத்தைமேட்டின் மேல்தான் விழுந்தது.