கவிழ்த்துப் போட்ட பேனர்

“வயிறு எரியுதுங்க சாமி.”

பரஞ்சோதி வந்ததும் சொன்னது இதுதான். கும்பிடக்கூட இல்லை.

கரூரில் கொசுவலை நெய்து விற்கிறவன். கக்கத்தில் சுருட்டிய ஃப்ளெக்ஸ் பேனர்.

மலையடிவாரத்துச் சாமி விறகு பிளந்துகொண்டிருந்தார். வயதில் இவனைவிடச் சின்னவர். சாமிக்கு வயது பார்க்கிற பழக்கம் இவனுக்கு இல்லை.

“யாரால?”

“ராசரத்தினத்தால. வேற யாரு? அவனும் கொசுவலைதான், நானும் கொசுவலைதான். பஸ் ஸ்டாண்டு போனா அவன் மூஞ்சி. பேப்பரைப் பிரிச்சா அவன் மூஞ்சி. வாரத்துக்கு ஒரு சால்வை. கரூர் வெயில்ல அத்தனை சால்வையை வெச்சு என்னதான் பண்ணுவான்?”

“அந்தப் பேனர்?”

“எம் மூஞ்சி.”

விரித்துக் காட்டினான். பல் தெரியச் சிரிக்கிற பரஞ்சோதி. பக்கத்தில், குடை மாதிரி விரிகிற புதுக் கொசுவலை. ஊரில் எவனும் இன்னும் செய்யாதது. கையிலிருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தான். கடைக்கு அனுப்ப இன்னும் ஒன்றுகூடத் தயாராகவில்லை.

“நாளைக்குக் கட்டப்போறேன். பேட்டி எடுக்கவும் ஆள் வருது. எப்படிச் செஞ்சேன்னு முழுசாச் சொல்லப்போறேன். அவன் வாயடைச்சுப் போகணும். ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமி கோடாலியைக் கீழே வைத்தார்.

“அவன் நூல் எங்க வாங்கறான்?”

“சூரத்துல.”

“யாருக்கு விக்கறான்?”

“ஆஸ்பத்திரிகளுக்கு. அடுத்து கேரளா லாட்ஜுகளைப் பிடிக்கறதா இருந்தான். நான் முந்திக்கிட்டேன்.”

“உனக்கு யார் சொன்னா?”

“அவனேதான்! பேட்டிக்குப் பேட்டி கொட்டறானே. ஒண்ணு விடமாட்டேன். வயிறு எரிய எரியப் பாப்பேன்.”

“உன்னைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?”



“ஒண்ணுமே தெரியாதுங்க. அதுதான் கொடுமை. போன முகூர்த்தத்துல ஒரே பந்தி, பக்கத்து இலை. ‘நீங்க என்ன தொழில் பண்றீங்க’ன்னு எங்கிட்டயே கேக்கறான் சாமி!”

“என்ன சொன்ன?”

“வாய் நிறைய லட்டு. சும்மா தலையை ஆட்டினேன்.”

“நல்ல பதில்.”

சாமி மறுபடி கோடாலியை எடுத்தார்.

பரஞ்சோதி நின்றான். பேனரைப் பார்த்தான். தன் சிரிப்பைப் பார்த்தான். அப்புறம் வலையை. கம்பி எங்கே மடிகிறது, துணி எங்கே பிடிக்கிறது, எல்லாம் படத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் ராசரத்தினம் அண்ணாந்து அந்த மடிப்பையே பார்த்து நிற்பதுபோல் இருந்தது.

தூறல் விழுந்தது.

பிளந்த விறகின் மேல் பேனரைப் போட்டு மூடினான். முகம் கீழே. மூலைக்கு ஒரு கல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

“மழையில எங்க ஓடற?”

“டிவியில ராசரத்தினம் பேட்டி வருதுங்க சாமி!”