கதவைத் திறந்தவர்

வக்கீல் வசுமதியிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது ராசமணிக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. தபால் துறையில் ஓய்வு பெற்றபின் சட்டம் படித்தவர். வசுமதிக்கு நாற்பதுதான். நாகர்கோவிலில் விபத்து வழக்கு என்றால் அவரைத்தான் தேடிப் போவார்கள். வசுமதி ராசமணியை "சார்" என்பார், ராசமணி வசுமதியை "மேடம்" என்பார். யார் குரு என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒருநாள் ரெஜினா என்ற வயலின் டீச்சர் ஊன்றுகோலோடு வந்தாள். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவள். ஓரமாக நின்ற காரின் கதவு திடீரென்று திறந்ததில் மோதி விழுந்து முழங்கால் நொறுங்கிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் மடங்காது. அதற்கு அவளிடம் வசதியில்லை.

தம்பியின் வற்புறுத்தலால் வந்தாளே தவிர, கேஸ் போட அவளுக்கு மனமில்லை.

"கதவைத் திறந்த தாணுலிங்கம் அண்ணன்தான் என்னைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்தாரு. ரத்தமும் கொடுத்தாரு. இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பாக்காரு. அவர் மேலயா கேஸ் போடுறது? மணல்ல சறுக்கி விழுந்தேன்னுதான் டாக்டர்கிட்டயும் அம்மாகிட்டயும் சொன்னேன்."

"இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கும். ஆனா அவர் மேல போலீஸ் கேஸ் வரும்," என்றார் வசுமதி.

"அப்ப வேண்டவே வேண்டாம்."

அவள் வராந்தாவுக்குப் போனதும் ராசமணி கேட்டார். "இவ்வளவு நன்றி இருக்கிற இடத்துல கேஸ் எதுக்கு மேடம்? விட்டுடலாமே?"

வசுமதி ரெஜினாவிடம் அனுமதி கேட்டு, மறுநாள் அவளோடு தாணுலிங்கத்தையும் வரவழைத்தார்.

"இவங்க கேஸ் வேண்டாம்னு சொல்றாங்க. உங்களுக்கு நிம்மதிதானே?"

தாணுலிங்கம் தலையசைத்து மறுத்தார்.

"இல்லம்மா. இவங்க அம்மா என்னைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடுறாங்க. எம்மவள காப்பாத்துன சாமிங்கறாங்க. எனக்குத் தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. நான்தானே பாக்காம திறந்தேன்?"

ரெஜினா தலை குனிந்து அழுதாள். அன்றைக்கே வழக்குக்குச் சம்மதித்தாள். தாணுலிங்கம் போலீஸில் போய் நடந்ததைச் சொன்னார். அபராதமும் கட்டினார்.

விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், சாட்சி சொல்ல வந்த தாணுலிங்கத்தை விடவில்லை. "மணலில் சறுக்கியதாக ரெஜினாவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாரே?"

"அது என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்," என்றார் தாணுலிங்கம். "மணலும் இல்ல, அவங்க வேகமாவும் வரல. நான் பின்னால பாக்கல."

இழப்பீடு கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் ரெஜினா ஊன்றுகோல் இல்லாமல் அம்மாவோடு ஆபீஸ் படியேறி வந்தாள். தாணுலிங்கமும் கூட வந்திருந்தார்.

வசுமதிக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த அம்மாள் திரும்பி, தாணுலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அவர்கள் போனபின் ராசமணி மெல்லக் கேட்டார். "எல்லாம் கோர்ட்டுல வெளிய வந்த பிறகும் அந்தம்மா அவருக்கு நன்றி சொல்றாங்களே, மேடம்?"

"அவங்க அன்னைக்கிலேருந்து சொல்லிட்டுத்தான் இருக்காங்க, சார்," என்றார் வசுமதி. "அவரால இப்பதான் அதை வாங்கிக்க முடியுது."