தில்லைநாயகத்தின் கறிவேப்பிலை

மடத்தில் ரசம் மட்டும் குருவான அம்மையார் கையால்தான். தாளிக்கும் முன் கொல்லைக்குப் போய் அவரே கறிவேப்பிலை பறித்து வருவார்.

பழைய மரம் புயலில் சாய்ந்த பிறகு, சீடர் இருவருக்கு ஆளுக்கொரு கன்று கொடுத்தார். மூத்த சீடர் தில்லைநாயகத்துக்கு ஒன்று. போன வருடம் வந்து சேர்ந்த பொன்னுரங்கத்துக்கு ஒன்று.

அம்மா தன் செடியில்தான் பறிக்க வேண்டும் என்பது தில்லைநாயகத்தின் ஆசை. தன் பங்கு மோரைக் குடிக்காமல் புளிக்கவைத்துச் செடிக்கு ஊற்றினார். சுற்றிலும் முள்வேலி கட்டினார். ஒருவரையும் இலை தொட விடவில்லை.

பொன்னுரங்கம் தண்ணீர் ஊற்றவே மறந்துபோகும் ஆசாமி. அவன் செடியும் சரிக்குச் சரியாக வளர்ந்தது. தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. மதியம் எல்லாரும் படுத்திருந்தபோது போய் அதன் கொழுந்தைக் கிள்ளி எறிந்தார். பக்கத்தில் இரண்டாகத் துளிர்த்தது. அவற்றையும் கிள்ளினார்.

மழைக்காலம் முடிந்தபோது அந்தச் செடி புதராக நின்றது. அம்மையார் தினமும் அங்கேதான் பறித்தார்.

பொறுக்க முடியாமல் தில்லைநாயகம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அம்மா, அவனுக்கு மட்டும் என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நான் வாயைக் கட்டி மோர் ஊத்தறேன். என் செடி குச்சியா கூரைக்கு மேல போகுது. அவன் எட்டிக்கூடப் பாக்கறதில்லை. நீங்களும் அவன் செடியைத்தான் தேடிப் போறீங்க."

சொல்லும்போதே குரல் உடைந்தது. இந்த வயதில் அழுவதா என்று வேறு வெட்கம்.

அம்மையார் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். முள்வேலியை விலக்கி, நெட்டையாக நின்ற செடியை வளைத்துப் பிடித்தார்.

"கொழுந்தைக் கிள்ளு."

தில்லைநாயகம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மனசு வரலைம்மா."

"அங்கே வந்துச்சே."

தில்லைநாயகத்தின் முகம் வெளுத்தது.

"பாத்தீங்களா?"

"அடுப்படி ஜன்னல் இந்தப் பக்கம்தானே இருக்கு."

"பாத்துமா தடுக்கலை?"

அம்மையார் செடியை விட்டார். அது விர்ரென்று நிமிர்ந்தது. பொன்னுரங்கத்தின் செடியிடம் போய் ஓர் இணுக்கு ஒடித்து வந்து, தில்லைநாயகத்தின் கையில் வைத்தார்.

"நல்லா வளத்துக்கிட்டிருந்தே, எதுக்குத் தடுக்கணும்? தினமும் ரசத்துல போடறது நீ வளத்த இலைதான், தில்லை."