வீராயியும் முதுகுமுள் வேலியும்

ஒரு முள்காட்டில் வீராயி என்ற கவுதாரியும் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓடுகிற சின்ன ஓடை. ஓடைக்குக் கிழக்கே வீராயியின் காரைப் புதர். மேற்கே சிலுப்பனின் வளை. ஓடை போய்ச் சேருகிற குட்டை எல்லாருக்கும் பொது. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சண்டை போட்டே தீருவது என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் காரணமா கிடைக்காது?

வீராயி அப்போது ஏழு முட்டை இட்டிருந்தாள். கவுதாரி மரத்தில் கூடு கட்டாது. புதருக்கு அடியில் ஒரு சின்னக் குழி, அதில் கொஞ்சம் காய்ந்த புல், அவ்வளவுதான் வீடு. இட்ட இடத்திலேயே உட்கார்ந்து பதினெட்டு நாள் அடைகாக்க வேண்டும். தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு மேல் எழுந்து போனால் முட்டை ஆறிப்போகும். ஆறிப்போனால் குஞ்சு இல்லை.

பத்து நாள் நல்லபடியாகப் போனது. பதினோராம் நாள் காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடைக்கு இந்தப் பக்கம், அவள் இடத்துக்குள், கறுப்பும் வெள்ளையுமாக வரிசையாய் முள்! எல்லாம் சிலுப்பன் முதுகிலிருந்து உதிர்ந்த முள். ஒரு வருஷமாக வளைக்குள் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து நட்டிருந்தான். நட்டுவிட்டுப் பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"அண்ணே, என்ன இது?"

"பார்த்தா தெரியல? வேலி!"

"வேலின்னு தெரியுது. என் இடத்துல எதுக்கு நிக்குதுன்னு கேட்டேன்."

சிலுப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இந்தக் கிழங்குக் கொடி இருக்கே, இது முளைச்சது என் வளை வாசல்ல. ஓடையைத் தாண்டி வந்து உன் புதருக்கு அடியில கிழங்கு விட்டிருக்கு. வாசனை மூக்கைத் துளைக்குது! கொடி என்னோடது. அப்போ கிழங்கும் என்னோடது. கிழங்கு என்னோடதுன்னா அது கிடக்கிற மண்ணும் என்னோடது!"

"அடேயப்பா! அப்போ உன் பக்கமிருந்து மேகம் வந்து என் தலையில மழை பெஞ்சா, என் தலையும் உன்னோடதா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு! சாயங்காலத்துக்குள்ள முட்டையை எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணு!"

"முட்டையை எதுல எடுத்துக்கிட்டுப் போறது? மடியில கட்டிக்கிட்டா? குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள் இருக்கு அண்ணே. அதுவரைக்கும் கிழங்கு எழுந்து எங்கேயும் ஓடிடாது."

"எட்டு நாள் கழிச்சு எப்படியும் குஞ்சுகளோட கிளம்பத்தானே போற? அதை இன்னிக்கே செஞ்சா என்ன குறைஞ்சுபோச்சு?"

"நானாக் கிளம்புறது வேற. நீ கிளப்புறது வேற. போக மாட்டேன்!"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் பயம்தான். சிலுப்பன் உடம்பைக் குலுக்கினால் சலசலவென்று முள் அத்தனையும் எழுந்து நிற்கும். சிறுத்தையே அவனைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். அவளோ ஒரு கைப்பிடி உடம்பு. ஆனாலும் நேராக வேலியை நோக்கி நடந்தாள். இரண்டு முள்ளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து, குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தாள்.

"ஏய்! என் வேலியைத் தாண்டுறியா?" என்று கத்தினான் சிலுப்பன்.

"தாண்டல அண்ணே. என் வழியில நடந்தேன். நடுவுல ஏதோ முள் கிடந்துச்சு!"

சிலுப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். சேர்த்து வைத்த முள் எல்லாம் தீர்ந்துவிட்டது. என்ன செய்தான் தெரியுமா? தலையைத் திருப்பி, எட்டின மட்டும் தன் உடம்பிலிருந்தே நாலு முள்ளைப் பல்லால் பிடுங்கினான்! பிடுங்கி அந்த இடைவெளியில் ஊன்றினான். வலித்தது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வீராயி வேறோர் இடைவெளி வழியாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவன் அதையும் அடைத்தான். அதற்கு மறுநாள் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். அதையும் அடைத்தான். ஒவ்வொரு தடவையும் வேலியையும் ஓரடி முன்னே தள்ளி நட்டான். பல்லுக்கு எட்டாத முதுகு முள்ளைத் தன் வளைக்குப் பக்கத்திலிருந்த ஒரு காரைப் புதரில் தேய்த்து உதிர்த்தான். முள் குத்துகிற புதரில் முள்ளுள்ளவன் முதுகைத் தேய்க்கிற கூத்தை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

பக்கத்தில் நல்லாண்டி என்றொரு கட்டாமை, அதாவது தரையில் வாழ்கிற ஆமை, இருந்தார். யாரோடும் பகை வேண்டாம் என்று வாழ்கிறவர். இரண்டு பேருக்கும் வேண்டியவர் என்று பெயர். உண்மையில் அவர் சிலுப்பனுக்குப் பயந்தவர். அவர் ஒரு நாள் மெல்ல நகர்ந்து வீராயியிடம் வந்தார்.

"அம்மா வீராயி, நல்லதுக்குச் சொல்றேன். அவன் பெரிய ஆளு. கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போயேன்!"

"விட்டுக் கொடுக்கலாம் மாமா. என்கிட்ட இருக்கிறது ஏழு முட்டை. எந்த முட்டையை விட்டுக் கொடுக்கணும்னு நீங்களே கைகாட்டுங்க!"

நல்லாண்டி ஏழு முட்டையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.  தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நல்லா இழுத்துக்குங்க! எனக்கு இழுத்துக்கிறதுக்கு ஓடு கிடையாது. அதனாலதான் வெளியே தலையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள் வீராயி. கோபத்தில் சொன்னாளே தவிர, அவர் போன பிறகு அழுகைதான் வந்தது. ஒரு வார்த்தை தன் பக்கம் பேச அந்தக் காட்டில் ஒருத்தருமில்லையே என்று மனசு வெந்தது. அழுதாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. முட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே அழுதாள்.

வேலி போட்ட ஆறாம் நாள் அது புதருக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது. இடைவெளி இருக்கிறதா என்று தேடப்போனவள் சிலுப்பனைக் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலாவில் முள் இல்லை. முதுகில் அங்கொன்றும் இங்கொன்றும். வாலில் மட்டும் ஒரு கொத்து மிச்சம். இது அவனுக்குத் தெரியவே தெரியாது. எந்த முள்ளம்பன்றிக்குத் தன் முதுகு தெரியும்? வாலை ஆட்டிப் பார்ப்பான், சலசலவென்று சத்தம் கேட்கும், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

"அண்ணே, முதுகு குளிரலையா?" என்று கேட்டாள்.

"என்ன நக்கலா?"

"நக்கல் இல்ல. சத்தியமாச் சொல்றேன். உன் முதுகு மொட்டையாயிடுச்சு. பிடுங்கினது போதும், நிறுத்திக்க. ஒரு கழுதைப்புலி ரெண்டு நாளா குட்டைப் பக்கம் மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரியுது."

சிலுப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "தோத்துப்போற நேரத்துல இப்படி ஒரு தந்திரமா? நான் வேலி போடறதை நிறுத்தணும், அதானே உன் ஆசை? என் முள்ளு அள்ள அள்ளக் குறையாதுடி!"

"பட்டாத்தான் தெரியும்னா படு. எனக்கென்ன!" என்று வீராயி வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை. வேலியில் இடைவெளியே இல்லை. பறக்கலாமென்றால் தலைக்கு மேல் காரை முள் கூரைபோலக் கவிந்திருந்தது; சுற்றிப் போனால் முட்டை ஆறிப்போகும். விடியற்காலைப் பனி ஒட்டின புல்லைக் கொத்தி நாக்கை நனைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் வந்தது. மத்தியானமே முட்டைக்குள்ளிருந்து கீச், கீச் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு முட்டையில் கீறல் கூட விழுந்துவிட்டது. வீராயிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இன்னும் ஒரே ஒரு பொழுது!

பொழுது சாய்கிற நேரத்தில் சிலுப்பன் வந்தான். வேலியை இரண்டு பக்கமும் வளைத்துக் காரைப் புதரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். முழு வட்டம். வீராயிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன வாசல் பாக்கி. வாலில் இருந்த கடைசிக் கொத்து முள்ளையும் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு அந்த வாசலில் நின்றான். முள்ளைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான்.

"கடைசியாச் சொல்றேன். இப்பவே வெளியே வா. வரலேன்னா அடைச்சிடுவேன். உள்ளேயே கிடந்து காய்ஞ்சு சாக வேண்டியதுதான்! அப்புறம் நிதானமா வந்து கிழங்கைத் தோண்டிக்கிறேன்."

வீராயி இறக்கையை விரித்து ஏழு முட்டையையும் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அடைச்சுக்க!"

"என்னது?"

"காது கேக்கலையா? அடைச்சுக்கன்னு சொன்னேன். அடைச்சாலும் இது என் இடம். வளைச்சாலும் இது என் இடம். செத்தாலும் இங்கேதான் சாவேன்!"

சிலுப்பன் பல்லைக் கடித்தான். ஒரு முள், இரண்டு முள் என்று கடைசி முள் வரைக்கும் ஊன்றினான். வாசல் அடைபட்டது. வட்டத்துக்கு உள்ளே வீராயி. வெளியே சிலுப்பன். "ஒழிந்தாள்!" என்று மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

திரும்பினால் எதிரே கழுதைப்புலி!

சிலுப்பன் பயப்படவில்லை. அவன் எதற்குப் பயப்பட வேண்டும்? வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு உடம்பைக் குலுக்கினான். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை குலுக்கினான். தோல் மட்டும் தொளதொளவென்று ஆடியது.

கழுதைப்புலி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "என்ன தம்பி, உரிச்சு வச்ச பண்டமா வந்து நிக்கிற? எனக்கு வேலையே வைக்கலையே!" என்று சொல்லி ஹீ ஹீ என்று சிரித்தது.

அப்போதுதான் சிலுப்பனுக்கு உறைத்தது. வளைக்கு ஓடலாமென்றால் நடுவில் கழுதைப்புலி. பாய்ந்து வேலியிடம் வந்து மோதினான். அவன் நட்ட முள்ளே அவன் மூக்கில் குத்தியது.

"வீராயி! வீராயி! உள்ளே விடு!"

"யார் அது? வேலிக்கு வெளியே இருந்து கூப்பிடறது?"

"நான்தான்! சிலுப்பன்! சீக்கிரம்!"

"இது யார் இடம்?"

"இப்பப் போயி..."

"இது யார் இடம்னு கேட்டேன்!"

கழுதைப்புலி ஓரடி முன்னே வைத்தது.

"உன் இடம்தான் தாயே! உன் இடம்!"

"எனக்குக் கேட்டுச்சு. ஊருக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

"ஓடைக்குக் கிழக்கே அத்தனையும் வீராயி இடம்!" என்று காடே அதிர அலறினான் சிலுப்பன்.

"கேட்டுச்சு! கேட்டுச்சு!" என்று பக்கத்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நல்லாண்டிதான். ஓட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டே சாட்சி சொன்னார்.

வீராயி எட்டிக் கொத்தி, அப்போதுதான் ஊன்றின, இன்னும் இறுகாத ஐந்தாறு முள்ளை உள்பக்கமிருந்து பிடுங்கிப் போட்டாள். அந்தச் சந்தில் சிலுப்பன் உடம்பைத் திணித்து உள்ளே விழுந்தான். கழுதைப்புலி அவன் பின்காலைக் கவ்வப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் மூக்கிலும் முன்காலிலும் முள் ஏறியது. ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

மூச்சு வாங்கியபடி கிடந்த சிலுப்பன் மெல்லக் கேட்டான். "என்னை ஏன் காப்பாத்தின?"

"என் வாசல்ல செத்து நாறாம இருக்கத்தான். அந்த முட்டைகிட்ட வராம ஓரமாப் படு!" என்றாள் வீராயி. அவள் கோபம் இன்னும் தீரவில்லை. ஏன் தீர வேண்டும்?

மறுநாள் காலையில் ஏழு முட்டையும் பொரிந்தன. பழுப்புப் பஞ்சாக ஏழு குஞ்சுகள் கீச் கீச் என்று ஓடித் திரிந்தன. அவற்றைப் பார்த்தபோது வீராயி எட்டு நாள் பட்ட தாகம், பசி, பயம் அத்தனையும் மறந்து ஓவென்று சந்தோஷத்தில் கூவினாள்.

சிலுப்பன் அசடு வழியச் சிரித்தான். "குஞ்சு பொரிச்சாச்சு. நீ சொன்ன மாதிரி இனிமே கிளம்பிடுவல்ல? அந்தக் கிழங்கு..."

வீராயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிளம்புவேன். எனக்கு எப்போ தோணுதோ அப்போ. முதல்ல நீ நட்ட முள்ளை ஒண்ணு விடாம உன் வாயாலேயே பிடுங்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடு. ஒரு முள் மிச்சமிருந்தாலும் என் குஞ்சு கால்ல குத்தும்!"

 சிலுப்பன் நாள் பூராவும் குனிந்து முள் பிடுங்கினான். வெயில் அவன் மொட்டை முதுகைச் சுட்டது. வீராயி மூன்று நாள் அங்கேயே இருந்து, குஞ்சுகளுக்குக் கரையான் கொத்தப் பழக்கி, பிறகு தானாகவே ஒரு காலையில் கிளம்பினாள். போகிற வழியில் சிலுப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தவர் இடத்தை வளைப்பதற்கே தன் பலத்தையெல்லாம் செலவு செய்கிறவன், தனக்கு ஆபத்து வரும்போது வெறும் முதுகோடுதான் நிற்பான்!