பூட்டிய மீனும் இரண்டு சாவிகளும்

இரண்டு கம்பி மீன்களின் கதையைக் கேளுங்கள். இதில் மாட்டிக்கொண்டது மீனல்ல, சாவி வைத்திருந்த பெண்.

வடக்குத்துறைக் கடற்கரையில் ஒரு மீன், தெற்குத்துறையில் ஒரு மீன். காலி பிளாஸ்டிக் பாட்டில் போட நகராட்சி வைத்தவை. இரண்டும் ஆள் உயரம், கிளிப்பச்சை உடல், செக்கச்செவேலென்ற வாய். வயிறு கம்பிவலை என்பதால் உள்ளே விழும் பாட்டில் வெளியே தெரியும். குப்பைத் தொட்டியைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவர்கள்கூட மீனுக்குத் தீனி போட வரிசையில் நின்றார்கள். ஞாயிறன்று எந்த மீனின் வயிறு நிறைந்திருக்கிறதோ, அந்தத் துறையின் கருவாட்டுக் களத்துக்குக் கூரை போட்டுத் தருவதாக நகராட்சி அறிவித்தது.

போட்டி என்றதும் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு துறையார் மற்றத் துறை மீனின் வயிற்றுக் கதவைத் திறந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆகவே பூட்டு வந்தது. ஞாயிற்றுக்கு முன் திறந்த மீன் போட்டியில் இல்லை என்ற விதியும் வந்தது. வடக்கே செலினும் தெற்கே மிக்கேலும் கடல்நீரைக் கையில் அள்ளி, திறப்பதில்லை என்று ஊருக்கு வாக்குக் கொடுத்துச் சாவி வாங்கினார்கள். அப்படிக் கொடுத்த வாக்கை அந்தக் கரையில் மீறியவர் கிடையாது.

சனிக்கிழமை மதியம் கடல் பொங்கியது. இரண்டு துறையிலும் அலை மீனின் வால்வரை வந்துவிட்டது. சிமெண்டில் ஊன்றிய மீனை நகர்த்த வழியில்லை. நகராட்சி அதிகாரி போனை எடுக்கவில்லை.

"தொறந்தா கூரை போச்சு செலினு," என்றான் கணவன் இன்னாசி. "ஊரு மூஞ்சில எப்படி முழிப்ப?"

"தொறக்காட்டி?"

அவன் கடலைப் பார்த்தான்.

செலின் திறந்தாள். அழுதுகொண்டே பாட்டில்களைச் சாக்கில் அள்ளி மேட்டுக்கு ஏற்றினாள். ஒருவரும் கைகொடுக்கவில்லை. தெற்கே மிக்கேல் சாவியை இறுகப் பிடித்தபடி நின்றான். அலை அவன் மீனைப் பெயர்த்து, வயிற்றோடு இழுத்துக்கொண்டு போனது.

ஞாயிறன்று அதிகாரி வந்தார். கடைசிவரை திறக்கப்படாதது தெற்கு மீன்தான் என்றார். கூரை தெற்கே போனது.

வாக்கை உடைத்தவள் செலின், காத்தவன் மிக்கேல். இருவரில் யார் செய்தது சரி?

விடை: செலின்தான். பூட்டு திருடனுக்காகப் போட்டது, கடலுக்காக அல்ல. மிக்கேல் பூட்டைக் காப்பாற்றினான், பூட்டி வைத்ததைக் கோட்டைவிட்டான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கோபம்தான் இருக்கிறது. மழை வந்தால் நனைவது செலினின் கருவாடு. தெற்கு மீனோடு கடலில் போன பாட்டில்கள் இன்றும் வடக்கு வலைகளில் ஏறுகின்றன. அவற்றைப் பொறுக்குகிறவளும் அவள்தான்.