வாய் திறந்த அவரை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, தம் நாடெங்கும் ஒரே வகை அவரைதான் காய்க்க வேண்டும் என்று திடீரென்று ஆசை வந்தது. சிறந்த விதையைக் கொண்டுவரச் சொன்னார். களஞ்சிய அதிகாரி திருவேங்கடர், பளபளவென்று மின்னும் விதைகளை வெள்ளித் தட்டில் வைத்தார். மலையடிவாரத்திலிருந்து வந்த நல்லக்கா என்ற குடியானவப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிறுத்துச் சுருங்கிய நாட்டு அவரை விதைகளைக் காட்டினாள்.

அரசர் சபை விகடகவி தாண்டவரைப் பார்த்தார். தாண்டவருக்கு வாய் சும்மா இருக்காது.

"இவ்வளவு சுருக்கம் விழுந்ததை விதைப்பதா, புதைப்பதா?" என்றார்.

சபை குலுங்கிச் சிரித்தது. நல்லக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு முடிச்சைத் திரும்பக் கட்டினாள். சிரிப்பு ஓயுமுன்பே அரசர், "நாட்டு அவரை விதையை எல்லாம் கொளுத்திவிடுங்கள்" என்று ஆணையிட்டார்.

தாண்டவரின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு சிரிப்புக்காக ஊரார் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று கூசினார்.

"அரசே, நான் சொன்னது வெறும் வேடிக்கை. தரம் பார்த்துவிட்டு ஆணையிடுங்கள்" என்று கெஞ்சினார்.

நெடுநாளாக அவர்மேல் பொறாமை கொண்டிருந்த திருவேங்கடர் விடவில்லை. "எப்படிப் பார்ப்பது? விதை வாய் திறந்து சொல்லுமோ?" என்றார்.

அரசருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "சரி, விதையே இந்தச் சபையில் வாய் திறக்கட்டும். இல்லையேல் என் ஆணை அப்படியே நிற்கும். தாண்டவரே, நீரும் இனி இங்கே வாய் திறக்கக் கூடாது."

தாண்டவர் இருவர் விதையையும் தனித்தனி ஈரத்துணியில் முடிந்து, அரியணைக்கு எதிரே காவலுடன் வைத்தார். காய விடாமல் தண்ணீர் தெளித்தார். நல்லக்கா சத்திரத்தில் தங்கி, தினமும் வந்து தூணோரம் நின்றாள். அவளை ஏறிட்டுப் பார்க்க அவருக்கு முகமில்லை.

சில நாள் கழித்து முடிச்சுகளை அவிழ்த்தார்கள். அதிகாரியின் விதைகள் கொழகொழத்து நாறின. மினுமினுப்புக்காக எண்ணெய் விட்டு வறுத்ததை அவர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். நாட்டு அவரையோ தோல் பிளந்து வெள்ளை முளையை நீட்டியிருந்தது.

"வாய் திறந்துவிட்டது, அரசே."

"என்ன சொல்கிறது?"

"ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிறது. எனக்கு அது வேண்டியதுதான்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையைத் திரும்பப் பெற்று, தம் பட்டுச் சால்வையை அவருக்குப் போர்த்தினார். தாண்டவர் அதைக் கழற்றிக்கொண்டு நல்லக்காவிடம் போனார்.

"அம்மா, இது உங்களுக்குச் சேர வேண்டியது. அன்றைக்கு நான் பேசியது தப்பு."

"சால்வையை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், சாமி? முளை காயறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும். அந்த ஈரத்துணியைக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு வெளியேறினாள். அரியணையில் அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தாண்டவர் சால்வையைக் கையில் பிடித்தபடி, பேச ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார்.